பிரஷர் கூடிவிட்டால் சிசேரியன்தானா?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் கர்ப்பம்; 36 வாரம் முடிந்திருக்கிறது. இரண்டு வாரமாக ரத்த அழுத்தம் 150/96 அளவில் நிற்கிறது, சிறுநீரில் புரதமும் போகிறது. லேபட்டலால் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1,80,000; கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சரியாக உள்ளன. குழந்தையின் தலை கீழே இருக்கிறது. எடை 2.3 கிலோ, வாரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனால் டாப்ளரில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். எங்கள் மருத்துவர் 37 வாரம் ஆனதும் மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்கிறார். இன்னொரு மருத்துவரிடம் கேட்டபோது, கருப்பை வாய் இன்னும் இளகவில்லை, நேராகச் சிசேரியன் செய்துவிடுவதே நல்லது என்றார். நஞ்சுக்கொடி கீழே இருந்ததால் என் அக்காவுக்குச் சிசேரியன்தான் நடந்தது, "வலியையும் அனுபவித்து, கடைசியில் அறுவையும் செய்துகொண்டு, இரண்டு கஷ்டமும் எதற்கு?" என்கிறாள். அம்மாவோ எப்படியாவது சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்கிறார். எங்களுக்கு இன்னொரு குழந்தையும் வேண்டும். நான் எதற்கு ஒப்புக்கொள்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் அடுத்த சில நாட்களில் மாறாமல் இருக்குமானால், 37 வாரத்தில் வலி வரவழைத்துப் பார்ப்பது என்ற முதல் மருத்துவரின் யோசனையையே நானும் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டாவது மருத்துவர் சொன்னதைத் தவறு என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன். அவருடைய கருத்து எந்தச் சூழலில் சரியாகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. குழந்தை எப்போது வெளியே வர வேண்டும் என்பது ஒன்று. எந்த வழியாக வர வேண்டும் என்பது மற்றொன்று. உங்களுக்கு வந்திருக்கும் பிரீ-எக்லாம்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதமும் போகும் நோய்), முதல் கேள்விக்குத்தான் நேரடியாகப் பதில் சொல்கிறது. இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் ரத்தக்குழாய்களோடு அது சரியாக இணையாதபோது, அதிலிருந்து வெளியாகும் சில பொருள்கள் தாயின் உடல் முழுவதும் உள்ள ரத்தக்குழாய்களைப் பாதிக்கின்றன. அதனால் அழுத்தம் கூடுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது, சிலருக்குக் கல்லீரலும் மூளையும்கூடப் பாதிக்கப்படுகின்றன. மாத்திரை அழுத்தத்தைக் குறைத்துப் பக்கவாதம் போன்ற ஆபத்திலிருந்து காக்குமே தவிர, நோயைத் தீர்க்காது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் நோய் தணியத் தொடங்கும். அது எந்த வழியாக வெளியே வந்தது என்பதைப் பொறுத்து அந்தத் தணிவு மாறுவதில்லை.

ஆகவேதான் கடுமையற்ற பிரீ-எக்லாம்சியாவில் 37 வாரத்தைத் தாண்டிக் காத்திருப்பதில்லை. அழுத்தம் 160/110ஐத் தொட்டாலோ, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, கல்லீரல் பாதித்தாலோ, 34 வாரத்தைத் தாண்டிய எந்த நாளிலும் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்கிறோம். நெதர்லாந்தில் 756 பெண்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஹைப்பிடாட் ஆய்வு இதற்கு ஒரு முக்கிய ஆதாரம். 36 வாரத்துக்கு மேல், ரத்த அழுத்தம் கூடியிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வலி வரவழைத்தார்கள். மற்றவர்களைக் கண்காணித்தபடி காத்திருந்தார்கள். தாயின் நிலை மோசமடைந்தது முதல் பிரிவில் 31 சதவீதம், காத்திருந்தவர்களில் 44 சதவீதம். வலி வரவழைத்தால் சிசேரியன் கூடிவிடும் என்று பலரும் அஞ்சியதற்கு மாறாக, அந்தப் பிரிவில் சிசேரியன் 14 சதவீதமும், காத்திருந்தவர்களில் 19 சதவீதமுமாக இருந்தது. அந்த நாட்டின் மருத்துவமனைகளும் பிரசவ முறைகளும் வேறு என்பதால் இதே சதவீதத்தை நீங்கள் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வலி வரவழைப்பது அறுவைக்குப் போகும் வீண் சுற்றுவழி என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி, எந்த வழி என்ற கேள்வி. உங்கள் அக்காவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால், வாய் திறக்கத் திறக்க ரத்தம் கொட்டும். குழந்தைக்கும் வெளியே வர வழி கிடையாது. குழந்தை குறுக்காகக் கிடப்பது, தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடுவது, முந்தைய அறுவையில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டியிருப்பது ஆகியவையும் அப்படிப்பட்டவையே. அங்கெல்லாம் அறுவைதான் உயிர் காக்கும் வழி. யாரும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் நிலை அந்த வரிசையில் சேராது. அக்கா தன் அனுபவத்தை அன்போடுதான் சொல்கிறார் என்றாலும், அவருடைய நோய் வேறு, உங்களுடையது வேறு.

உங்கள் நோயில் அறுவைக்கென்றே சில கூடுதல் சிக்கல்கள் உண்டு. பொதுவாகவே சிசேரியனில் போகும் ரத்தம், இயல்பான பிரசவத்தில் போவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிரீ-எக்லாம்சியா உள்ளவரின் ரத்தக்குழாய்களுக்குள் இருக்கும் நீர்மத்தின் அளவு குறைவாக இருப்பதால், அந்த இழப்பை உடல் தாங்கும் திறனும் குறைவு. ஈடுகட்டுவதற்காகச் சற்று அதிகமாக நீர்மம் ஏற்றினாலோ நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. தட்டணுக்கள் திடீரென்று குறைந்துவிட்டால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதும் கடினமாகும். பொதுவாக 70,000க்கு மேல் இருந்தால்தான் மயக்க மருத்துவர் அதற்குத் துணிவார். கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் அறுவைக்குப் பின் கூடுகிறது. குழந்தையின் பக்கமும் பார்க்க வேண்டும். வலியே வராமல் 37 வாரத்தில் அறுவை மூலம் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு, நுரையீரலில் உள்ள நீர் முழுதாக வெளியேறாததால் முதல் ஓரிரு நாட்கள் மூச்சுத் திணறல் வருவது, வலி கண்டு பிறக்கும் குழந்தைகளைவிட அதிகம். இவற்றையெல்லாம் கையாள முடியும், நாள்தோறும் கையாண்டுகொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் அறுவை என்றால் ஆபத்தே இல்லாத குறுக்குவழி என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்து, கருப்பை வாய் இளகவில்லை என்ற விஷயம். 36 வாரத்தில், அதுவும் முதல் கர்ப்பத்தில், இளகாமல் இருப்பதே இயல்பு. எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் கணக்கிட்டு 13க்கு ஒரு மதிப்பெண் போடுகிறோம். பிஷப் மதிப்பெண் என்று அதற்குப் பெயர். ஆறு அல்லது அதற்குக் கீழே இருந்தால், வலி வரவழைப்பதற்கு முன்பு வாயை இளக்குவதற்கென்று ஒரு கட்டம் தேவைப்படும். மிசோபிரோஸ்டால் மாத்திரையோ, டைனோபுரோஸ்டோன் ஜெல்லோ, ஃபோலி குழாயின் நுனியில் உள்ள சிறு பலூனோ இதற்குப் பயன்படும். அந்தக் கட்டமே ஒரு நாள் எடுக்கலாம். பிறகு பனிக்குடத்தை உடைத்து, ஆக்ஸிடோசின் சொட்டு சொட்டாக ஏற்றி, வலியை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். பல குடும்பங்கள் தளர்ந்துபோவது இங்கேதான். காலையில் மருந்து வைத்தார்கள், இரவாகியும் இரண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது, 'ஒன்றுமே நடக்கவில்லை' என்ற பேச்சு வார்டு வாசலில் கிளம்பிவிடும். உண்மையில் வாய் மெலிவதும் மென்மையாவதும் நடந்துகொண்டுதான் இருக்கும். அது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைத்து ஆக்ஸிடோசின் தொடங்கிய பிறகு 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பின்புதான் முயற்சி தோற்றது என்று சொல்லலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் அளவுகோல். வாய் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் வேகம் பிடிக்கிறது என்பதையும் வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் பார்த்தவரையில், பொறுமை இழந்து அறுவைக்குக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

உங்கள் குழந்தை சற்று எடை குறைவாக இருப்பதைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். ஒவ்வொரு முறை கருப்பை இறுகும்போதும் நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் சில நொடிகள் தடைப்படுகிறது. நீருக்குள் மூழ்கி எழுபவர் மூச்சை அடக்கிக்கொள்வதுபோல, குழந்தை அந்த நேரத்தைத் தன் இருப்பைக் கொண்டு சமாளிக்கிறது. நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்தால் மணிக்கணக்கில் சமாளிக்கும். இருப்பு குறைந்த குழந்தையால் அவ்வளவு நேரம் முடியாது. டாப்ளரில் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டம் சரியாக இருப்பது, அந்த இருப்பு இன்னும் இருக்கிறது என்பதற்கான நல்ல அடையாளம். ஓட்டம் இடையிடையே நின்றுபோவதாகவோ, பின்னோக்கிப் பாய்வதாகவோ வந்திருந்தால், நானே உங்களை வலிக்கு உட்படுத்தாமல் அறுவை செய்யச் சொல்லியிருப்பேன். ஆகவே 37 வாரத்தில் அனுமதியாகும்போது டாப்ளரைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டை நம்பி வலி தொடங்க வேண்டாம். வலி தொடங்கிய பிறகு குழந்தையின் இதயத் துடிப்பை சி.டி.ஜி. கருவியில் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். அந்தக் கருவி சில நேரங்களில் காரணமில்லாமலும் பயமுறுத்தும். காகிதத்தில் ஒரு சரிவு தெரிந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. புரண்டு படுக்கவைத்து, ஆக்ஸிடோசினைக் குறைத்துப் பார்த்த பிறகும் துடிப்பு தேறவில்லை என்றால் அப்போது தயங்கக் கூடாது.

இரண்டாவது மருத்துவரின் கருத்துக்கு இப்போது வருகிறேன். இருவரும் ஒரே படிப்பைப் படித்தவர்கள், ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள். ஆனாலும் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் வேலை செய்யும் இடம் வேறாக இருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வலி வரவழைத்தால் பிரசவம் எந்த நேரத்திலும் முடியலாம், நள்ளிரவிலும் முடியலாம். அந்த நேரத்தில் மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் சுமார் அரை மணி நேரத்துக்குள் தயாராகுமா, ரத்தம் உடனே கிடைக்குமா, பச்சிளங்குழந்தைகளுக்கான மருத்துவர் இருக்கிறாரா, ஒரு செவிலியர் உங்கள் பக்கத்திலேயே இருந்து கவனிக்க முடியுமா? இவற்றுக்கெல்லாம் 'ஆம்' என்ற பதில் கிடைக்காத மருத்துவமனையில், பகலில், எல்லோரும் இருக்கும்போது, திட்டமிட்டு அறுவை செய்வதே பாதுகாப்பானது என்று ஒரு நேர்மையான மருத்துவர் முடிவு செய்யலாம். அப்படியானால், வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கு இப்போதே மாறிவிடுவது அதைவிட நல்ல முடிவு. வலி வந்த பிறகு மாற்றுவதுதான் ஆபத்து. அங்கே போய், "உங்களிடம் இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அக்கா சொன்ன அந்த 'இரண்டு கஷ்டம்' நடக்கவே நடக்காது என்று உங்களுக்கு உறுதி தர முடியாது. முதல் கர்ப்பத்தில், வாய் இளகாத நிலையில் தொடங்குபவர்களில் கணிசமானோர் கடைசியில் அறுவைக்குப் போகிறார்கள். நெடுநேர வலிக்குப் பிறகு செய்யும் அறுவையில், திட்டமிட்ட அறுவையைவிடக் கிருமித் தொற்றும் ரத்தப்போக்கும் சற்று அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அதையும் ஒரே மாதிரி எண்ணிவிடக் கூடாது. வாய் திறக்காத கட்டத்திலேயே, நிதானமாக முடிவெடுத்துச் செய்யும் அறுவை வேறு; முழுதும் திறந்து தலை ஆழமாக இறங்கிச் சிக்கிய பிறகு அவசரமாகச் செய்யும் அறுவை வேறு. பின்னது கடினம், முன்னது அவ்வளவாக இல்லை. அதனால், மருந்து வைப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து, எந்த நிலை வந்தால் முயற்சியை நிறுத்துவது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மருந்துக்கும் அடங்காமல் அழுத்தம் 160/110க்கு மேல் நிற்பது, தட்டணுக்கள் வேகமாகச் சரிவது, குழந்தையின் துடிப்பு தேறாமல் இருப்பது, நல்ல வலி இருந்தும் வாய் மணிக்கணக்கில் அப்படியே நிற்பது என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். இதையெல்லாம் முன்பே பேசியிருந்தால், பாதி வழியில் அறுவைக்கு மாறுவது தோல்வியாகத் தோன்றாது.

வலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலி குறைக்கும் எபிடியூரல் ஆடம்பரம் இல்லை. வலியின் வேகத்தில் அழுத்தம் ஏறுவதை அது தடுக்கிறது. பின்னர் அறுவை தேவைப்பட்டால் அதே குழாய் வழியே மருந்து செலுத்தி, முழு மயக்கத்தைத் தவிர்க்கவும் முடிகிறது. தட்டணுக்கள் நன்றாக இருக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுவையுங்கள். நோய் கடுமையானால் வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட் தருவார்கள். 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான மேக்பை ஆய்வில், அந்த மருந்து வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் இருக்கும்; பயப்பட வேண்டாம்.

அடுத்த குழந்தையும் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முடிவில் அந்த வரிக்கு நிறைய இடம் தர வேண்டும். ஒரு சிசேரியன் ஆனவர்கள் அடுத்த முறை இயல்பாகப் பெற முயன்றால், 100 பேரில் 60 முதல் 80 பேருக்குக் கைகூடுகிறது. தழும்பு பிரிந்துவிடும் அபாயம் 200 பேரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. ஆனால் அந்த முயற்சிக்கு எல்லா மருத்துவமனைகளும் முன்வருவதில்லை என்பதால், நடைமுறையில் பலருக்கும் இரண்டாவதும் அறுவையாகவே முடிகிறது. தழும்புகள் கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பின் மேல் படிந்து கருப்பைச் சுவருக்குள் வேரோடிவிடும் ஆபத்தும் ஏறுகிறது. நஞ்சுக்கொடி கீழே அமைந்தவர்களிடம் பார்த்தபோது, முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதம் பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 40 சதவீதம் பேருக்கும் அது வேரோடியிருந்ததாக 2006இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. சில நேரங்களில் கருப்பையையே எடுக்க நேரும் நோய் அது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: இயல்பான பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிசல் செல்வது, பிற்காலத்தில் சிறுநீர் கசிவது, கருப்பை இறங்குவது ஆகியவை சிசேரியனைவிட அதிகம். இந்த ஒரு குழந்தையோடு போதும் என்று நீங்கள் எழுதியிருந்தால், என் தராசும் இவ்வளவு தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்திருக்காது.

உங்கள் அம்மாவின் 'எப்படியாவது' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரண்டு உயிர்களும் நலமாக இருக்கும்வரைதான் இந்த முயற்சி. மருத்துவர் இப்போது அறுவை வேண்டும் என்று சொன்னால், காரணம் என்ன, எவ்வளவு அவசரம் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நேரத்தில் முடிவு உங்களுடையது என்பதையும், உங்களோடு நிற்கப்போவது யார் என்பதையும் இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

37 வாரம் வரையிலான இந்த நாட்களில் ரத்த அழுத்தத்தை வீட்டிலும் பாருங்கள். விடாத தலைவலி, கண் மங்குவது அல்லது பூச்சி பறப்பதுபோல் தெரிவது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, அழுத்தம் 160/110ஐத் தொடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்போது மேலே நான் எழுதிய கணக்குகள் மாறிவிடும். அங்கே பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதே முடிவு.

எந்த வழியில் பிறந்தாலும், குழந்தை பிறந்த அன்றே நோய் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அழுத்தம் மீண்டும் ஏறுவது வழக்கம், சிலருக்கு வலிப்பு அப்போதுதான் வருகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அளவைப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தப் பிரசவத்தின்போது போடும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் உங்களுக்கு ஏற்றதல்ல. பிரசவ அறையில் இருப்பவர்கள் அறிந்திருப்பார்கள், ஆனாலும் பணி மாறும்போது உங்களுக்கு பிரஷர் இருப்பதை உடன் இருப்பவர் ஒரு முறை நினைவூட்டுவதில் தவறில்லை. அடுத்த கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து இந்த முறை நடந்ததைச் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை அந்தச் சமயத்தில் தொடங்கினால், இதே நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்க முடியும்.